டோக்கன் குலத்து ராகுலன் பேக்கப் எடுத்த படலம்

வாழி வேந்தே! பொன்னைக் கக்கிக் களைத்துப் பூட்டப்பட்ட சுரங்கப் புவியின் மேல், கோரமண்டல் ரயில் நிலையத்துக்குக் கூப்பிடு தூரத்தில், லைன் எனப்படும் வரிசை வீடுகளின் நடுவே பதினேழாம் எண் வாயிலுடையோய்! கதிரவன் கண் விழிக்குமுன் ரயிலேறிப் பெங்களூர் புகுந்து, அவன் கண் அயர்ந்தபின் மீளும் அயராப் பயணத்தோய்! மூவர் அமரும் பலகையில் நான்காமவனாய் நுழைந்து, ஐந்தாமவனை நோக்கி "இடமில்லை" என்று அறம் உரைக்கும் அஞ்சா நெஞ்சத்தோய்! மாத்திரைக் கம்பெனியின் கிடங்கில் அட்டைப்பெட்டிப் பெரும்படையை ஆள்பவனே, ஐம்பத்து மூன்று அகவை கண்ட ராகுலனே, ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை ஒன்பது மணிக்கு நீ கணினியின் முன் அமர்ந்து பேக்கப் எடுக்கத் துணிந்த வீரத்தைப் பாடப் புகுந்தோம். நாற்காலியை மட்டும் சற்றுப் பார்த்து அமர்க, பின்னங்கால் ஆடும்.

காவியத்தின் தலையில் கடவுள் வாழ்த்து வைப்பது முறை. நாயகனோ பௌத்தக் குடியினன். வரம் கேட்டுக் கையேந்தும் வழக்கம் அவன் வீட்டில் மூன்று தலைமுறையாக இல்லை. ஆதலின் மின்சாரத்தை வாழ்த்துகிறோம். அருவமே, அனைத்துக்கும் காரணமே, வரும்போதும் சொல்லாது போகும்போதும் சொல்லாத பெருமானே, உச்சிவேளை வரையேனும் எம் லைனில் எழுந்தருள்க! சொல்லிவிட்டோம். கேட்டதாகத் தெரியவில்லை.

இனி, போர் மூண்ட காரணம்.

அக்கணினி பதினோராண்டு மூப்புடையது. பொன் பிரித்தபின் கொட்டிய கழிவுமண் குன்றாம் சயனைட் மேட்டிலிருந்து காற்றேறி வரும் வெண்துகளை ஆண்டுக்கணக்கில் உட்கொண்டு, விசிறி இரைய, வயிறு சூடேற, எதைக் கேட்டாலும் சுழலும் வட்டம் ஒன்றைக் காட்டி மௌனம் காக்கும் முனிவனாய் முதிர்ந்திருந்தது. அதனுள் அமர்ந்து அரசாண்ட பத்தாம் விண்டோஸின் ஆட்சிக்காலம் முடிந்ததென்றும், பதினோராம் விண்டோஸை அரியணை ஏற்றுக என்றும் திரையின் வலக்கோடியில் நாள்தோறும் ஓலை வந்தவண்ணம் இருந்தது. நாயகன் நாள்தோறும் பெருக்கல் குறியை அழுத்தி ஓலையைக் கிழித்தவண்ணம் இருந்தான்.

ஆயினும் அந்த முதுபொறியின் வயிற்றில் ஒரு பெருநிதி கிடந்தது. அது அவனுடையது அன்று. அவன் மனையாட்டி தாராவுடையது. ஒன்பது ஆண்டுகள், செருப்பு ஏழு ஜோடி தேய, நந்திதுர்க் சுரங்கம் முதல் பாலகாட் சுரங்கம் வரை லைன் லைனாக நடந்து அவள் திரட்டிய வரன் பதிவேடு அது. மணமாகா மைந்தரும் மகளிருமாய் நூற்றெண்பத்தாறு பேர். அவர்தம் படிப்பு, வேலை, உயரம், சமைக்கத் தெரியுமா என்ற வினாவுக்கு இருபாலாரும் எழுதிய பொய், நிழற்படம், தாமே பேசிய சிறு வீடியோ. லைனுக்கு ஒன்றாக நாற்பத்தேழு கோப்புறைகள். படிவத்தில் சாதிக்கு மட்டும் கட்டம் கிடையாது. ஏன் என்று கேட்கும் பெரியோர்க்கு, "அத்த போட எடம் பத்தலங்க" என்பதே தாராவின் விடை.

அடுத்த ஞாயிறு சமுதாயக் கூடத்தில், அந்த நூற்றெண்பத்தாறு பேரும் பெற்றோர் புடைசூழ வந்து, பெரிய திரையில் ஒருவரையொருவர் கண்டு தேரும் அறிமுகக் கூட்டம். திரையில் காட்ட வேண்டிய அனைத்தும் இந்த ஒரு பெட்டிக்குள். வேறு படி இல்லை. நோட்டுப் புத்தகத்தில் இருந்த மூலப்படியைக் கரையான் அரங்கேற்றி முடித்துவிட்டது. மேடையில் வைத்து இந்த முனிவன் வட்டம் சுற்றத் தொடங்கினால் நூற்றெண்பத்தாறு பேரின் திருமணங்களும் வட்டத்திலேயே நிற்கும் என்பதால்தான் புதிய விண்டோஸ் வேண்டும் என்ற பேச்சே எழுந்தது.

இப்பேச்சை வியாழக்கிழமை ரயிலில் நாயகன் திருவாய் மலர்ந்தபோது, எதிர்ப் பலகையில் அமர்ந்திருந்த திலீப் என்பான், பெங்களூரில் கணினிக் கம்பெனி ஒன்றின் வாசலில் பாதுகாவலனாய் நிற்பதால் கணினி அறிவு தன்மேல் காற்றாய் வந்து படிந்தது என்று நம்புபவன், சுண்டலை மென்றபடி இவ்வாறு அருளினான்:

"அண்ணே, மொதல்ல உள்ள இருக்கறத எல்லாம் சுத்தமா அழிக்கணும். அப்பாலதான் புதுசு போடணும். ஆனா அழிக்கறதுக்கு முன்னாடி பேக்கப் எடுக்கணும் பாருங்க, அது உங்களுக்கு ஒத்துவராது. கம்ப்யூட்டர் கடை ஆஸ்டினக் கூப்புடுங்க."

ரயில்பெட்டியே சிரித்தது. பங்காருப்பேட்டை வரை சிரித்தது. அவையில் துகிலுரியப்பட்டவர்கள் செய்த சபதங்களை நாம் அறிவோம். அவற்றிலும் கொடிய சபதம் ஒன்றை நாயகன் அக்கணமே உரைத்தான். ஈரேழு உலகும் அதிர, எண்டிசை யானைகளும் பிளிற, ஞாயிறு மறையுமுன் தன் கையாலேயே பேக்கப் எடுத்துத் தன் கையாலேயே அழித்துத் தன் கையாலேயே ஏற்றுவேன், இன்றேல் இந்தப் பலகையில் இனி நான்காமவனாய் அமரேன் என்று முழங்கினான். அதாவது, "ஆஸ்டினும் வேணா ஒருத்தனும் வேணா, நானே பாத்துக்கறேன் போ" என்றான்.

இச்செருக்கின் வேர் அவன் குலத்தில் இருந்தது. நாயகனின் தந்தை சுரங்கத்தின் டோக்கன் ஆபீசில் இருந்தவர். ஷிப்டுக்கு இறங்கும் ஒவ்வொருவனும் எண் பொறித்த பித்தளை டோக்கன் ஒன்றைப் பலகையிலிருந்து எடுத்துப் போவான். மேலேறி வந்ததும் திருப்பித் தருவான். பலகை நிறைந்தால் ஆள் நிறைந்தது. முப்பத்தோராண்டு எண்ணிக்கையில் ஒன்று குறையாத குடி அது. எண்ணிவிட்டால் எல்லாம் முடிந்தது என்ற பேரறிவு நாயகனுக்குப் பாலோடு புகட்டப்பட்டது.

ஞாயிறு பிறந்தது. தாரா கொடியில் துணி காயப்போட்டுவிட்டு உள்ளே வந்து, அடுக்களைக்குச் செல்லுமுன் தன் அரசாணையை வெளியிட்டாள்:

"இன்னாங்க, ஒம்போது வருசம் அதுல கீது. பாத்து பண்ணுங்க. அப்பால, மேட்டுக் காத்து கெளம்பறதுக்குள்ள துணிய எடுத்துடுங்க, எனக்கு கை வேலையா கீது."

"ம்" என்றான் நாயகன். எந்தப் பாதிக்கு என்று அவன் சொல்லவில்லை.

கட்டைவிரல் அளவே ஆயினும் கடல் குடித்த குறுமுனியை நிகர்த்த பென் டிரைவ் ஒன்றை அவன் உறையிலிருந்து உருவினான். அதன் முதுகில் "அனில் – ஸ்வீட்டி" என்று பொன்னெழுத்து மின்னியது. தாராவின் பதிவேட்டில் ஒருவரையொருவர் கண்டு, சென்ற தை மாதம் மணந்த தம்பதியர் தம் கல்யாண வீடியோவை இட்டு நன்றிக் கடனாய் அளித்தது அது. வீட்டு டி.வி.யில் அதைச் செருகி இருமுறை பார்த்தாயிற்று. இப்போது கணினியில் செருகினான், புகவில்லை. திருப்பினான், புகவில்லை. மீண்டும் திருப்பினான், புகுந்தது. இவ்விந்தையின் காரணத்தை அறிந்தார் இன்றளவும் இல்லை.

திரையைக் கண்டான். ஆங்கே நாற்பத்தேழு மஞ்சள் சின்னங்கள், லைனுக்கு ஒன்றாய், அணிவகுத்த சேனைபோல் நின்றன. ஒவ்வொன்றின் இடக்கீழ் மூலையிலும் வளைந்த அம்பு ஒன்று இருந்தது. அம்பு எதற்கு என்று அற்பர் ஐயுறுவர். போருக்கு எழுந்தவர் அம்பு தாங்குதல் இயல்பே என்று நாயகன் தெளிந்தான். அனைத்தையும் ஒருசேர வளைத்துப் பிடித்தான், நகலெடுத்தான், பென் டிரைவில் வீசினான். ஆ! என் சொல்வோம்! பச்சைக் கோடு எழுந்ததும் கண்டிலர், மறைந்ததும் கண்டிலர். ஒன்பதாண்டு நடந்து சேர்த்த பெருநிதி ஒரு தும்மல் நேரத்தில் கடந்து போயிற்று. இவ்வளவு விரைவு ஏன் என்று பிறர் அஞ்சியிருப்பர். தன் கைவண்ணம் என்று நாயகன் கொண்டான்.

பின் எண்ணினான். டோக்கன் குலத்தான் எண்ணும் அழகை என்னென்பது! சுட்டுவிரலால் திரையைத் தொட்டுத் தொட்டு, மேலிருந்து கீழ் ஒருமுறை, கீழிருந்து மேல் ஒருமுறை. நாற்பத்தேழு. ஐயம் அறவே தீர, பென் டிரைவிலிருந்த மாரிகுப்பம் சின்னத்தைத் தட்டித் திறந்தும் பார்த்தான். திறந்தது. பதினொரு வரன்கள் பல்லைக் காட்டினர்.

"ஆயித்து!" என்று கன்னடத்தில் வெற்றிச் சங்கம் முழக்கினான். நம் ஊர் வீரர்க்கு வெற்றியும் மும்மொழியில் வரும்.

அவ்வேளை வாயிலில் ஓர் உருவம் நிழலாடியது. பதினெட்டாம் எண் வீட்டுக் கிருஷ்ணம்மா. ஓய்வூதியமும் ஓயா வாயும் பெற்ற மூதாட்டி. கையில் புதிய நிழற்படம்.

"யம்மா தாரா, எங்க மனோகரு போட்டோவ மாத்தணும்டி. மீசைய எடுத்துட்டான். மீசையோட பாத்துட்டு வந்து, மீசை இல்லாம பாத்தா பொண்ணு வூட்டுக்காரங்க வேற ஆளுன்னு எயுந்து பூடுவாங்க."

"இருங்க்கா, இவரு பேக்கப் எடுத்துகினு கீறாரு" என்றது அடுக்களை.

"எடுத்தாச்சி" என்றான் நாயகன், நாற்காலி ஆட. "இனிமே அழிக்கறதுதான் பாக்கி."

திலீப மாமுனிவன் உபதேசித்தபடி அழிக்கும் இடத்தை அவன் முன்பே கண்டு வைத்திருந்தான். திரையின் நடுவே ஒரு கட்டம் எழுந்தது. "அனைத்தையும் அகற்றுக" என்றது கட்டம். "அகற்றினால் திரும்பாது, உறுதியா?" என்று மீண்டும் கேட்டது. பாம்பணையில் துயின்றவன் எழுந்தாற்போல் மவுஸ் எனும் எலியின் மேல் எழுந்தது நாயகனின் சுட்டுவிரல். அவ்விரலின் நிழலில் நூற்றெண்பத்தாறு மாலைகள், தொண்ணூற்று மூன்று பந்தல்கள், பெயர் வைக்கப்படாத எத்தனையோ பிள்ளைகள் யாவும் மூச்சடக்கி நின்றன.

ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே தாரா வந்தாள்.

"எல்லாம் வந்திச்சா?"

"நாப்பத்தேழும் வந்திச்சி. ஒண்ணு கொறையல."

"எண்ணிக்கைய யாரு கேட்டா? வெயிட்டு எத்தினி?"

"இன்னா வெயிட்டு? ஃபைலுக்கு இன்னா வெயிட்டு, அது இன்னா அரிசியா?"

வாசகரே, இங்கே தாராவின் குலத்தையும் கூறிவிடுவது கடன். அவள் தந்தை நந்திதுர்க்கில் வைண்டிங் எஞ்சின் டிரைவர். பாதாளத்திலிருந்து ஆளேற்றும் கூண்டாகிய கேஜை இழுத்தேற்றும் அந்த எஞ்சினின் முன் அமர்ந்து, கயிற்றின் கனத்தை வைத்தே உள்ளே எத்தனை பேர் என்று சொன்னவர். டோக்கன் ஆபீஸ்காரர்களை அவர் வாழ்நாளெல்லாம் ஒரு புன்னகையோடுதான் பார்த்தார். "டோக்கன் மேல வந்துடும், ஆளு கீழயே இருப்பான்" என்பது அவர் வாக்கு. இவ்விரு குலமும் மணவுறவு கொண்டு இருபத்தாறாண்டு ஆகியும் இப்பூசல் தீர்ந்தபாடில்லை.

"தள்ளுங்க" என்று எலியைப் பற்றினாள் தாரா. நாற்பத்தேழையும் சேர்த்து நிறை கேட்டாள். கணினி சொல்லிற்று: எண்பத்திரண்டு கேபி.

"இந்த மனோகரு ஒருத்தன் போட்டோவே நாலாயிரம் கேபி. நான்தான் ஏத்தினேன். நூத்தியெம்பத்தாறு பேரும் சேந்து எம்பத்திரண்டா?"

"அவன் மீசையே அத்தவிட வெயிட்டுடி யம்மா" என்றாள் கிருஷ்ணம்மா.

"தொறந்து பாத்தேனே! மாரிகுப்பம் தொறந்திச்சே!" என்று நாயகன் கர்ஜித்தான். கர்ஜனையின் கடைசிப் பகுதி சற்றே கீச்சிட்டது.

தாரா பென் டிரைவைப் பிடுங்கி டி.வி.யின் முதுகில் செருகினாள். திரையில் அனிலும் ஸ்வீட்டியும் மாலை மாற்றினர். அதைத் தவிர ஒன்றுமில்லை. மாரிகுப்பம் இல்லை, சாம்பியன் ரீஃப் இல்லை, மனோகரும் இல்லை, அவன் மீசையும் இல்லை.

உண்மை அப்போது விளங்கிற்று. முன்பொருநாள் ஆஸ்டின் இக்கணினியைச் சீர் செய்தபோது, கோப்புறைகளை எல்லாம் உள்ளறையில் வைத்துவிட்டு, தாரா தேடி அலையாதிருக்க அவற்றுக்கு வழிகாட்டும் சின்னங்களை மட்டும் முகப்பில் நிறுத்தியிருந்தான். வளைந்த அம்பு, "ஆள் உள்ளே" என்று காட்டும் அம்பு. அதே கணினியில் தட்டினால் உள்ளறைக் கதவு திறக்கும். வேறெங்கு கொண்டுபோனாலும் அது வெறும் பித்தளை. நாயகன் நாற்பத்தேழு டோக்கன்களையும் பழுதற எண்ணி மேலேற்றிவிட்டு, ஷிப்ட் முழுவதையும் கீழே விட்டு, சுரங்கத்தை மூட விரலோங்கியிருந்தான்.

"இன்னா ராகுலு, எங்க அனாதப் புள்ளைங்கள எல்லாம் ஒரே அமுக்குல ஒயிக்க இருந்தியே!" என்று கிருஷ்ணம்மா மார்பில் கைவைத்தாள். மனோகருக்கு வயது முப்பத்து நான்கு, அனாதையும் அல்லன்.

தாரா திரையில் இருந்த கட்டத்தை மூடினாள். மூடியது மூடியதுதானா என்று அவள் மீண்டும் ஒருமுறை தேடிப் பார்த்ததை நாயகன் கண்டான். இக்காவியத்தில் அவன் உண்மையிலேயே அஞ்சிய இடம் அது ஒன்றே.

இரண்டாம் நாள் போர், அதே நாள் பத்தே முக்காலுக்குத் தொடங்கிற்று. உள்ளறை திறந்தார்கள். நிறை: பதினெட்டு ஜிபி. பென் டிரைவின் கொள்ளளவு முப்பத்திரண்டு. அதில் அனில்–ஸ்வீட்டி திருமணமே இருபது. முகூர்த்தம் மூன்று கோணங்களிலும் பந்தி ஐந்து கோணங்களிலும் பிடிக்கப்பட்டிருந்தது. இடம் போதாது. தருமசங்கடம் எழுந்தது. பிறர் மணவிழாவை அழித்தல் அறமோ என்று நாயகன் தாடையைத் தடவினான்.

"அழிங்க" என்றாள் தாரா. "அவங்களுக்கு ஆயிடிச்சி. இவங்களுக்கு ஆவணும்."

இருபது ஜிபி மங்கலம் ஒரு சொடுக்கில் மறைந்தது. பச்சைக் கோடு இம்முறை எழுந்தது. ஆனால் ஆமைக்கு மூட்டுவலி வந்தாற்போல் நகர்ந்தது. "நாற்பது நிமிடம் உளது" என்றது கணினி. சிறிது பொழுது சென்று "இரண்டு மணி" என்றது. பிறகு "மூன்று நிமிடம்" என்றது. பிறகு மீண்டும் "ஒரு மணி." காலம் என்பது மாயை என்று உரைத்த ஞானியரெல்லாம் கோப்பு நகலெடுத்தவராய் இருத்தல் கூடும். கிருஷ்ணம்மா காபி வாங்கிக் குடித்து, நாயகனின் முதுகுக்குப் பின் நின்று, கடந்து செல்லும் ஒவ்வொரு பெயருக்கும் விருத்தியுரை வழங்கினாள். இவன் தேவலாம். இவள் அம்மா வாய். இவனுக்குப் பெங்களூரில் ஏற்கெனவே ஒருத்தி இருக்கிறாள், பெயர் எடுத்துவிடு. சன்னலில் காற்று லேசாய் ஊளையிட்டது. ஒருவரும் செவிகொடுக்கவில்லை.

எண்பத்தெட்டு விழுக்காட்டில் மின்சாரப் பெருமான் விடைபெற்றார்.

யுபிஎஸ் அலறிற்று. சுரங்கப் பாறை வெடிக்கும் ராக்பர்ஸ்ட் கேட்ட ஷிப்டுபோல் மூவரும் துள்ளினர். அப்பெட்டியின் பேட்டரிக்குப் பத்து நிமிட ஆயுள். மூப்பைக் கழித்தால் ஏழு. அப்போதுதான், வாசகரே, நாயகன் நாயகனானான். நாற்காலி கவிழ எழுந்தான். பிரிண்டரின் குடலைப் பிடுங்கினான். ஸ்பீக்கரின் கழுத்தைத் திருகினான். திரையின் ஒளியைக் குறைத்துக் குறைத்து, அமாவாசை வானில் எறும்பைத் தேடும் அளவுக்கு இருட்டாக்கினான். யுபிஎஸ்ஸின் தலையில் உள்ளங்கையை வைத்து, காய்ச்சல் கண்ட குழந்தையைத் தேற்றுவதுபோல், "இரு, இரு, இரு" என்றான். தொண்ணூற்றொன்று. தொண்ணூற்றைந்து. அலறல் விரைந்தது. தொண்ணூற்றெட்டில் கோடு நின்றது. நூற்றெண்பத்தாறு பேரில் கடைசியாய்ச் செல்பவன் வாசலில் செருப்பைத் தேடுகிறான் போலும். தாரா தன் கணவனின் சட்டை முதுகைக் கசக்கிப் பிடித்திருந்தாள்.

நூறு.

உருவினான். மறுகணமே மின்சாரம் வந்தது, சொல்லாமல்தான்.

நிறை பார்த்தார்கள். உள்ளே பதினெட்டு, வெளியே பதினெட்டு. இரண்டுக்கும் வால் எண்களைக்கூடத் தாரா வாய்விட்டு ஒப்பித்தாள். டி.வி.யில் செருகினார்கள். நாற்பத்திரண்டு அங்குலப் பரப்பில் மனோகர் தோன்றினான், மீசையோடு, "எனக்கு சமைக்கத் தெரியும்" என்றான். "பொய்யி" என்றாள் பெற்றவள். ஒன்பதாண்டு நடை முதன்முறையாக இரண்டு இடத்தில் இருந்தது. தாரா பென் டிரைவை வாங்கித் தன் தாலிக்கொடியில் கோத்துக்கொள்வாள் என்றே தோன்றியது. மணிபர்ஸில் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

"இப்ப அழிக்கலாமா?" என்று நாயகன் கேட்டான். கேட்டான் என்பதைக் கவனிக்க, காலையில் கேட்கவில்லை.

"இருங்க. புதுசு இதுல ஏறுமான்னு பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. கேஜ் தாங்குமா என்று அறியாமல் ஆளை ஏற்றும் வழக்கம் வைண்டிங் குலத்தில் இல்லை. கணினியையே கேட்டுவிட ஒரு வழியிருப்பதைத் தாரா தேடிக் கண்டாள். வினவினர். முனிவன் வட்டம் சுற்றினான். நெடுநேரம் சுற்றினான். பின்பு திரை வெளுத்து, வானத்து அசரீரிபோல் ஒரு வாசகம் எழுந்தது: இப்பொறி பதினோராம் விண்டோஸைத் தாங்கும் தகுதி உடையதன்று.

காலையிலேயே அழித்திருந்தால் பழையதும் போய், புதியதும் ஏறாமல், நாற்பத்தேழு வளைந்த அம்புகளோடு அடுத்த ஞாயிறு மேடையேறியிருப்பான் நம் வேந்தன். அதை அவனும் எண்ணினான். அவன் எண்ணியதை அவளும் எண்ணினாள். முனிவனை அப்படியே விட்டுவிட்டு, ஞாயிறு கூட்டத்தில் பென் டிரைவை நேரே சமுதாயக் கூடத்துப் பெரிய டி.வி.யில் செருகிவிடலாம் என்று தாரா முடிவு செய்தாள். திலீபனுக்கு என்ன சொல்வது என்பது பற்றி அவை எம்முடிவும் செய்யவில்லை.

"அது கிடக்கட்டும்" என்று, சன்னலில் படிந்த வெண்மையை விரலால் தொட்டுப் பார்த்தபடி கேட்டாள் தாரா. "துணி எடுத்தீங்களா?"

ராகுலன் வெளியே போய், மாவு பூசினாற்போல் இருந்த துணிகளைக் கொடியிலிருந்து எடுத்து, மறுபடியும் வாளியில் ஊறவைத்தான்.